எங்கள் அன்பியத்துக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை

எனக்குப் பக்தி அவ்வளவாகக் கிடையாது, சார்ஜென்ட். நாற்காலி போடத் தெரியும்.

திருச்சபை இத்தனை நூற்றாண்டாக நடப்பது பக்திமான்களால் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். அது ஒரு மரியாதைக்குச் சொல்வது. பக்திமான்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாராவது ஒருத்தி கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். எத்தனை பேர் வருவார்கள், மழை வந்தால் எங்கே உட்காருவது, ஒலிபெருக்கியை யாரிடம் இரவல் கேட்பது, கள் குடித்துவிட்டு வருகிறவரை எந்த மூலையில் உட்காரவைப்பது. எங்கள் புந்தா லினாவ் பங்கில் அந்த ஒருத்தி நான்தான். பெயர் எப்பிபானியா சலினோக். மூத்தவளை மனாங், மூத்தவரை மனோங் என்பது எங்கள் ஊர் வழக்கம், அதனால் எல்லாருக்கும் நான் மனாங் எப்பாங். கல்யாணம் ஆகவில்லை. சந்தைக்கு எதிரே அப்பா விட்டுப்போன கால்நடைத் தீவனக் கடை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வேறு யாராவது படிப்பார்கள்.

ஃபாதர் ரெதெம்ப்தோ பங்குத்தந்தையாக வந்து இறங்கியபோது கையில் ஒரு கிதார் இருந்தது. அப்போதே எனக்குக் கொஞ்சம் பயம். வந்த வாரமே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மனாங் எப்பாங், கோயில் பெருசா இருந்து என்ன பிரயோசனம்? அடுத்த வீட்டுக்காரன் செத்தாக்கூட இவங்களுக்குத் தெரிய மாட்டேங்குது. சின்னச் சின்னதா பிரிக்கணும்."

"எதை ஃபாதர்?"

"ஜனங்களைத்தான்."

"ஏற்கெனவே பிரிஞ்சுதானே ஃபாதர் கிடக்குறாங்க."

"அது சண்டை போட்டுப் பிரிஞ்சது. இது சேர்றதுக்காகப் பிரிக்கிறது."

நல்ல மனிதர். அவர் மீது எந்தப் பழியும் வர வேண்டாம். ஆயர் இல்லத்திலிருந்து உத்தரவு, எல்லாப் பங்கிலும் அன்பியம் வேண்டும் என்று. பக்கத்துப் பக்கத்து வீடுகள் சில சேர்ந்து, வாரம் ஒரு சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, வாசகம் வாசித்து, செபம் சொல்லி, மனதில் இருப்பதைப் பேசிவிட்டுப் போவது. அவ்வளவுதான் அன்பியம். கேட்க எளிதாக இருக்கும். செய்துபார்த்தால்தான் தெரியும்.

பங்கை ஒன்பதாகப் பிரித்தேன். தெருத்தெருவாக நடந்து, யார் யாரோடு பேசுவதில்லை, யார் யாருடைய புருஷனோடு தேவைக்கு அதிகமாகப் பேசுகிறாள், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்றெல்லாம் பார்த்துக் கோடு போட்டேன். ஒன்பதுக்கும் ஒன்பது புனிதர்களின் பெயர். புனிதர்களுக்குள் பொறாமை கிடையாது என்பதால் அது மட்டும் சுலபமாக முடிந்தது.

முதல் மாதம் பிரமாதம். எல்லாரும் வந்தார்கள், அடுத்தவர் வீட்டுக்குள் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு. பார்த்து முடித்ததும் வருவதை நிறுத்திவிட்டார்கள். பரிசுத்த ஆவி இறங்கும் நேரமும் தொலைக்காட்சியில் கூடைப்பந்து இறுதியாட்டம் நடக்கும் நேரமும் ஒன்றாக விழுந்தன. ஆவி தோற்றது. கடற்கரை அன்பியத்தில் ஒரு சாயங்காலம் வந்திருந்தவர்கள் நான், அதன் தலைவி நெனித்தா, காது கேட்காத ஒரு கிழவர். நெனித்தா என் காதோடு சொன்னாள்: "மனாங், இங்க பிங்கோ ஆட்டம்னு நினைச்சு வந்திருக்காரு. இல்லன்னு சொல்லிடாதீங்க. அவரும் போயிடுவாரு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் சிரித்தால் மேலெல்லாம் குலுங்கும். மூன்று பேரும் செபமாலை சொன்னோம். கிழவர் எங்களைப் பார்த்து ஒவ்வொரு மணியாகத் தள்ளிவிட்டு, கடைசியில் யாருக்கு விழுந்தது என்று கேட்டார்.

அப்புறம் நெனித்தாவின் பெண்பன்றி குட்டிபோட்டுவிட்டுச் செத்தது.

இதைத் தெளிவாக எழுதுங்கள்: அந்தப் பன்றியை நான் ஒன்றும் செய்யவில்லை. அது தானாகச் செத்தது. கண் திறக்காத குட்டிகள் கத்திக்கொண்டு கிடந்தன. ஒருத்தி பால் புட்டி கொண்டுவந்தாள். ஒருத்தன் பழைய போர்வை கொண்டுவந்தான். வீட்டுக்கு ஒரு குட்டி என்று எடுத்துப்போய் மடியில் வைத்து வளர்த்தார்கள். அந்த வாரம் கூட்டத்துக்குக் கடற்கரை அன்பியமே வந்தது, குட்டிகளோடு. நெனித்தாவின் நாத்தனார் பினிங், எதற்கும் வாய் திறக்காதவள், ஒரு குட்டியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மன்றாட்டுச் சொன்னாள். ஃபாதர் ரெதெம்ப்தோ வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கடைக்காரி. எது விற்கிறது, எது விற்கவில்லை என்று கவனிப்பது என் பழக்கம். ஒரு பன்றி செத்ததில் ஒரு அன்பியம் உயிரோடு எழுந்ததைக் கவனித்தேன். அடுத்து அங்காடித் தெருவில் ஒரு பையன் மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அங்கும் கூட்டம் நிரம்பியது. அடுத்து புயல் வந்து ஆற்றோரத்தில் கூரையெல்லாம் பிய்த்துக்கொண்டு போனது. அங்கு வாரம் இரண்டு முறை கூட ஆரம்பித்தார்கள். சந்தோஷமாக இருக்கிற வீட்டுக்கு யாரும் போவதில்லை, சார்ஜென்ட். பொறாமையாக இருக்கும். அழுகிற வீட்டுக்குத்தான் ஆள் போகும், அங்கே போனால் நாம் கொஞ்சம் நல்லவர்களாக வெளியே வரலாம்.

சிக்கல் என்னவென்றால், கடவுள் இதைச் சமமாகச் செய்யவில்லை. உங்கள் மேட்டுத்தெரு அன்பியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு மகன் கப்பலில். நோய் கிடையாது, கஷ்டம் கிடையாது, செபமும் கிடையாது. தலைவர் மனோங் போலிகார்ப்பியோ ஒருநாள் கடைக்கு வந்து, சேவல் தீவனத்தை விரலால் கிளறிக்கொண்டே நின்றார். ஏதோ மனக்குறை என்று தெரிந்தது.

"என்ன மனோங்?"

"எங்க அன்பியத்துக்கு மட்டும் ஒண்ணுமே நடக்கலையே, மனாங்."

"நடக்காம இருந்தா நல்லதுதானே?"

"என்ன நல்லது? கீழ போனா அவங்கவங்க சாட்சி சொல்றாங்க. பன்னி செத்தப்ப இப்பிடி, கூரை போனப்ப அப்பிடின்னு. ஃபாதர் பிரசங்கத்துல ஆத்தோரத்தையே பேசுறாரு. நாங்க என்ன சொல்றது? கேபிள் டிவி ரெண்டு நாள் வரலைன்னா?"

"பொறுமையா இருங்க. உங்க பக்கமும் பாப்பாரு."

"எப்ப? நானும் கப்பல்ல சமையக்காரனா உலகத்தைச் சுத்திட்டு வந்தவன். கடவுள் எங்கயுமே மேட்டுத்தெருப் பக்கம் வர்றதில்ல."

அவர் கேட்டதைக் கொடுத்தேன். அவருடைய சிவப்புச் சண்டைச் சேவலுக்கு நான்தான் தீவனம் விற்பவள். அதில் என்ன கலந்தேன் என்பது பெரிய விஷயமில்லை, எலிக்கு விற்பதுதான். சேவல் மறுநாள் செத்தது.

மேட்டுத்தெரு ஆண்கள் தங்கள் தாய் செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. நீங்களும் வந்திருந்தீர்கள், பின்வரிசையில், கறுப்புச் சட்டையில். போலிகார்ப்பியோ அதை மந்திரிக்கும்படி ஃபாதரைக் கேட்டார். ஃபாதர், ஆன்மா இல்லாத பிராணிக்கு அடக்கப் பூசை கிடையாது என்று அரைமணி நேரம் விளக்கிவிட்டு, கடைசியில் கிதாரில் ஒரு பாட்டு வாசித்தார். அதற்குப்பிறகு உங்கள் அன்பியம் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. போலிகார்ப்பியோவுக்குச் சாட்சி சொல்ல விஷயம் கிடைத்தது. முதல் சாட்சியில் சேவல் செத்தது. பிறகு ஒவ்வொரு தடவையும் அது சாவதற்கு முன் அவரைக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பிப் பார்த்தது.

அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். ஒரு சேவல், ஒரு தெரு முழுக்கச் சேர்ந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் மலிவுதான்.

அதன்பிறகு ஒவ்வொரு அன்பியத்தையும் சுற்றிவருவேன். வாழையிலையில் கட்டி அவித்த அரிசிப் பலகாரம், சுமான், நாலைந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு போய் விசாரிப்பேன். எந்த வீடு வாடுகிறது, எந்த வீட்டில் யார் எப்போது இருக்கமாட்டார்கள் என்று பேச்சுவாக்கில் தெரிந்துவிடும். எங்கே கூட்டம் குறைகிறதோ அங்கே ஏதாவது. ஒரு ஆடு. ஒரு கிணற்றில் மண்ணெண்ணெய். ஒரு கொப்பரைக் கொட்டகை. யாருக்கும் அடி படாதபடி, யாருக்கும் இரண்டாம் முறை வராதபடி பார்த்துக்கொண்டேன். விதி அப்படிப் பார்ப்பதில்லை. ஒரே குடும்பத்தைத் திரும்பத் திரும்ப மிதிக்கும். அந்த விதத்தில் என் ஏற்பாடு மேலானது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுச் சமையல்கட்டும் நான்தான்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் சேவல் சண்டைக்குப் போயிருந்தீர்கள். உங்கள் மனைவி மரிவிக் துணிமணியைப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டு, அம்மா வீட்டுக்குப் போகப் பேருந்து நேரம் விசாரிக்கச் சந்தைக்கு வந்திருந்தாள். என் கடை வாசலில் நின்றுதான் சொன்னாள்: "மனாங், அந்த ஆளு வீட்டுல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். தொப்பியைத் தொங்கவிட ஒரு ஆணி இருந்தாப் போதும் அவருக்கு." நான் அவளை உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்து, கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். பூனையை முதலில் வெளியே விட்டேன். தீ அடுப்பிலிருந்து கிளம்பினது போலத்தான் இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மேட்டுத்தெரு ஆண்கள் மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தார்கள், பெண்கள் பாத்திரம் கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்காத நீங்கள் அந்தப் புதுச் சமையல்கட்டில் முழங்கால் போட்டீர்கள். மரிவிக் பெட்டியைப் பிரித்தாள். அடுத்த வருடம் உங்கள் மகளுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். அந்தக் குழந்தையை நான் தூக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், இது ஒரு தீக்குச்சியில் வந்தது என்று. கோபப்படுவதாக இருந்தால் நீங்கள் கோபப்படலாம். ஆனால் வீட்டுக்குப் போய் மரிவிக்கைக் கேளுங்கள், அந்தப் பழைய சமையல்கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுத் தருவாளா என்று.

எழுதலாமா? சரி.

ஆயர் வந்தார். ஒன்பது அன்பியமும் ஒன்பது கொடி பிடித்து வரவேற்றன. ஆயர் மற்ற பங்குகளுக்கெல்லாம் எங்களை உதாரணமாகச் சொன்னார். சாப்பாட்டின்போது, சுட்ட பன்றியின் தோல் மொறுமொறுப்பாக வந்திருப்பதைப் பற்றி இரண்டு தடவையும் எங்கள் விசுவாசத்தைப் பற்றி ஒரு தடவையும் பாராட்டினார். ஃபாதர் என்னைக் காட்டி, "இவங்கதான் ஆண்டவரே, எல்லாத்துக்கும் காரணம்" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

நான் எந்த அன்பியத்தில் இருக்கிறேன் என்று ஆயர் கேட்டார். ஃபாதரே பதில் சொல்லிவிட்டார்: "இவங்க எதுலயும் இல்ல ஆண்டவரே, எல்லாத்துலயும் இருக்காங்க." எல்லாரும் கைதட்டினார்கள். அழகான பேச்சு. அந்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டேன். கடை பூட்டியே கிடந்தது. ஒவ்வொரு அன்பியமும் வேறு அன்பியம் போய்ப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிர்வாகத்தில் வரக்கூடிய ஓட்டைதான். கேட்டீர்களே என்று சொன்னேன். கேட்கவில்லையா? சரி, அதை அடித்துவிடுங்கள்.

கடற்கரை அன்பியத்துக்கு வருகிறேன். நீங்கள் என்னைக் கூட்டிவந்தது அதற்காகத்தான்.

கஷ்டம் என்பதும் தீவனம் மாதிரி. ஒரே அளவு போட்டுக்கொண்டிருந்தால் பலிப்பதில்லை. முதலில் ஒரு பன்றிக்கு ஆறு மாதம் கூடினார்கள். பின்னால் ஒரு படகுவலை கிழிந்ததற்கு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. கடைசியில் நெனித்தாவும் பினிங்கும் பேச்சை நிறுத்தினார்கள். திருவிழாவில் கடல்மாதா சுரூபத்தை யார் வீட்டுப் படகில் ஏற்றுவது என்பதுதான் சண்டை. போன வருடம் உன் படகு, அதற்கு முந்தின வருடமும் உன் படகு, மாதா என்ன உனக்குச் சித்தியா என்று பினிங் கேட்டுவிட்டாள். உன் படகு நாற்றத்துக்கு மாதாவே இறங்கி நீந்திப் போய்விடுவாள் என்று நெனித்தா சொன்னாள். பாதி வீடு இந்தப் பக்கம், பாதி வீடு அந்தப் பக்கம். ஒரே சாயங்காலத்தில் இரண்டு செபக்கூட்டம், யார் சத்தமாகப் பாடுவது என்று போட்டி.

ஃபாதர் சலித்துப்போய், "கலைச்சிடலாம் மனாங், ஆத்தோரத்தோட சேத்துடலாம்" என்றார். ஒன்பதில் ஒன்று போய் எட்டு. முதலில் உயிர் பெற்றதே அதுதான். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவன் தியோடி. நெனித்தாவின் புருஷன், பினிங்கின் தம்பி. அவன் மட்டும் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டான். மத்தியானம் அக்கா கையால், ராத்திரி பெண்டாட்டி கையால். "எனக்கென்ன மனாங், இவங்க சண்டை நீடிச்சா ரெண்டு வேளையும் நல்ல மீனு" என்பான். கூட்டம் எங்கே நடந்தாலும் கோயிலிலிருந்து நாற்காலிகளைத் தள்ளுவண்டியில் எனக்குக் கொண்டுவந்து இறக்குவது அவன்தான். திரும்பக் கொண்டுபோவதும் அவன்தான். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கரோக்கேயில் ஒரே ஒரு பாட்டுதான் தெரியும் அவனுக்கு, அதுவும் சுருதி சேராது. எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்.

ஒரு சாவு வேண்டியிருந்தது. இதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. ஒரு சாவு என்றால் ஒன்பது நாள் செபம் உறுதி, நாற்பதாம் நாள் ஒன்று, வருட நினைவு ஒன்று. பிணத்துக்குக் காவல் இருக்கிற ராத்திரிகளில் சீட்டாட்டத்துக்காவது ஆண்கள் வந்துவிடுவார்கள். வேறு எந்த ஏற்பாட்டிலும் அவ்வளவு கிடைக்காது.

யார் என்பதை யோசித்துத்தான் முடிவு செய்தேன். படுத்த படுக்கையாக இருந்த ஒரு கிழவி உண்டு. அவள் போனால் அப்பாடா என்றுதான் இருப்பார்கள். ஊருக்கே பிடிக்காத ஒருவன் உண்டு. அவன் செத்தால் கூட்டம் வரும், கண்ணீர் வராது. இரண்டு பக்கமும் அழ வேண்டும், ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து அழ வேண்டும் என்றால் கடற்கரையில் ஒரே ஒருவன்தான். வேறு யாராவது பொருத்தமாக இருந்திருந்தால் நிச்சயம் வேறு யாராவதுதான்.

எங்கள் படகுகளுக்கு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி மூங்கில் மிதவை இருக்குமே. அந்த மூங்கிலைத் தாங்குகிற கட்டைகளை நரம்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். மத்தியானத் தூக்க நேரத்தில் கடற்கரையில் ஆள் கிடையாது. தியோடியின் படகில் ஒரு பக்கத்துக் கட்டுகள் இரண்டையும் அவிழ்த்து நானே திரும்பக் கட்டினேன். பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும். அலை மேல் ஆடி ஆடி இழுத்தால் விட்டுவிடும். மற்றவர்கள் வலை காயப்போட்டுவிட்டு வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்தேன். ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவருக்கு ஆபத்து வரக்கூடாது. நீரோட்டம் வெளியே இழுக்கிற நாளாகவும் பார்த்தேன்.

அவனுக்கு நீந்தத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். பயந்துபோய் நீந்திவந்துவிடுவான், அதுவே போதும் என்று நினைத்தேன் என்று சொன்னால் தண்டனை கொஞ்சம் குறையலாம். ஆனால் அப்படி நான் நினைக்கவில்லை. நீந்திவந்துவிட்டால் ஒரு சாயங்காலக் கூட்டத்தோடு முடிந்துவிடும்.

பினிங்கின் மகன்கள்தான் உடலைக் கொண்டுவந்தார்கள். படகையும் இழுத்துவந்து நெனித்தா வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டார்கள். யாருக்கும் அதைத் திரும்பிப் பார்க்க மனம் இல்லை. ஒன்பது நாளும் நான் பார்த்ததைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். முதல் நாளே பினிங் வந்து நெனித்தாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "என் படகுலயே போயிருக்கலாமேடி, என் படகு கெட்டியாச்சே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நெனித்தா அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். ஒன்பதாம் நாள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். திருவிழாவில் கடல்மாதாவை இரண்டு படகையும் சேர்த்துக் கட்டி நடுவில் வைத்துக் கொண்டுபோனார்கள். ஃபாதர் அன்று பிரசங்கம் சொல்ல முடியாமல் நின்றார். ஒருத்தன் போனான். நாற்பது வீடு சேர்ந்தது. நான் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நாற்காலிகளைக் கொண்டுவர வேறு ஆள் பார்க்கவேண்டியிருந்தது, அதுதான் சிரமம்.

நெனித்தா மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அது போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு இடம் ஒழிக்க அந்தப் படகைப் புரட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் ஒரு கட்டு அவிழ்ந்து போயிருந்தது. இன்னொன்று எப்படியோ தாங்கியிருக்கிறது. நெனித்தா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாளாம். இது பினிங் சொன்னது. எனக்குத் தெரிந்தது, அடுத்த நாள் காலையில் அவள் என் கடைக்கு வந்து நின்றதுதான்.

"அரை மூட்டை தவிடு குடுங்க, மனாங்."

"பன்னி இல்லையே உன்கிட்ட இப்ப?"

"வாங்கலாம்னு இருக்கேன்."

அளந்து போட்டு, வாயைச் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டினேன். அவள் மூட்டையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த முடிச்சு எனக்கு என்னைக்குமே அவுக்க வராது. தியோடிதான் அவுத்துக் குடுப்பாரு."

"இதுல என்ன இருக்கு? இழுத்தா விட்டுடும்."

"எந்தப் பக்கம் இழுக்கணும்?"

"நுனியை. இந்தா, இப்பிடி."

இழுத்துக் காட்டினேன். கயிறு முழுக்க ஒரே இழுப்பில் வந்து என் கையில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"எங்க யாரும் இப்பிடிக் கட்ட மாட்டாங்க, மனாங். கடல்ல நிக்காது."

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது? நாற்பது வருடமாக அந்த ஒரு முடிச்சுதான் எனக்குத் தெரியும். கடற்கரையில் குனிந்து உட்கார்ந்தபோது கை தானாகவே அதைத்தான் போட்டிருக்கிறது.

அவள் கத்தவில்லை. "உங்களுக்கு நாங்க என்ன மனாங் பண்ணோம்?" என்று மட்டும் கேட்டாள். நான் விளக்க ஆரம்பித்தேன். பன்றியிலிருந்து ஆரம்பித்தேன். பாதியிலேயே அவள் மூட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். முழுக்கக் கேட்டிருந்தால் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவள் நேராகப் பினிங் வீட்டுக்குப் போனாள். இரண்டு பேரும் சேர்ந்து உங்களிடம் வந்தார்கள். கவனித்தீர்களா? சேர்ந்து வந்தார்கள்.

ஆக, தியோடியைக் கொன்றது நான்தான். தனியாகத்தான் செய்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஃபாதருக்கு எதுவும் தெரியாது. கோபத்தில் செய்யவில்லை, அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கையெழுத்து எங்கே போட வேண்டும்?

வெளியே சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் வழியாக நீங்கள் அடிக்கடி எட்டிப்பார்க்கிறீர்கள், முகமும் சரியாக இல்லை. எத்தனை பேர் இருப்பார்கள்? ஆற்றோரத்துக்காரர்கள் வந்திருக்கிறார்களா? அங்காடித் தெரு? மேட்டுத்தெருவும் வந்திருக்கிறது, போலிகார்ப்பியோவின் குரல் எனக்குத் தெரியும். நெனித்தாவும் பினிங்கும் கைகோத்து முன்னால் நிற்பதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் ஒன்பதும் வந்துவிட்டது. ஒன்பதும் ஒரே இடத்தில், யாரும் கூப்பிடாமல், தானாக. ஆயர் வந்தபோதுகூட இரண்டு அன்பியம் தாமதமாகத்தான் வந்தது.

ஃபாதர் ஏன் அவர்களைத் திரும்பிப்போகச் சொல்லிக் கெஞ்சுகிறார்? இவ்வளவு தூரம் வந்தவர்களை அப்படி அனுப்பக்கூடாது. கதவைத் திறந்துவிடுங்கள், சார்ஜென்ட். ஒருத்தி கஷ்டத்தில் இருக்கிறாள் என்றதும் எப்படி வந்து நிற்கிறார்கள் பாருங்கள்.

கையில் கல் வைத்திருக்கிறார்களா? வைத்திருப்பார்கள். அடுத்தவர் கஷ்டத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.